பூச்சுக் குண்டுகள் துப்பாக்கி அறையில் சிக்குவது ஏன்?

சொந்தமாகத் தோட்டா நிரப்பும் பழக்கம் பரவலாக உள்ள அமெரிக்காவின் வாசகர்கள் கேட்டவற்றுள், 9 மி.மீ. லூகர் தோட்டாவைப் பற்றிய கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் சிஇசட் 75 கைத்துப்பாக்கியில் கடைத் தோட்டாக்கள் ஒழுங்காக உட்காருகின்றன. பாலிமர் பூச்சுள்ள ஈயக் குண்டுகளை வைத்து நான் நிரப்பியவை மட்டும் சிக்குகின்றன. மொத்த நீளம் 29.69 மி.மீ. உச்சவரம்புக்குள்தான் இருக்கிறது.

பதில்: அந்த வரம்பு குண்டின் வடிவத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. இந்தத் தோட்டாவில் பித்தளைக் கூட்டின் வாய்விளிம்பே, குழலின் பின்முனையில் தோட்டா அமரும் இடமான அறையின் முன்படியில் முட்டி நிற்க வேண்டும். ஆனால், சிஇசட் குழல்களில் அறைக்கும் வரிப்பள்ளத்துக்கும் (குண்டைச் சுழலவைக்கக் குழலின் உட்சுவரில் வெட்டிய திருகு வரிகள்) இடைப்பட்ட வெற்றிடம் குறைவு என்பதாலும், உலோக உறையிட்ட குண்டு ஏறத்தாழ 9.02 மி.மீ. விட்டமிருக்க, பூச்சுக் குண்டு பெரும்பாலும் 9.04 மி.மீ. இருப்பதாலும், மூக்கு பருத்த குண்டின் தோள் அதற்கு முன்பே வரிப்பள்ளத்தில் முட்டிவிடுகிறது.

குண்டைக் கூட்டினுள் இறக்கும் அச்சான டையை ஊகத்தில் திருகாதீர்கள். வெடிமருந்தும், அதைப் பற்றவைக்கும் பிரைமரும் இல்லாத மாதிரித் தோட்டா ஒன்றைச் செய்து, மார்க்கர் பேனாவால் முழுவதும் கறுப்பாக்கி, துப்பாக்கியிலிருந்து கழற்றிய குழலில் இட்டுச் சற்றே சுழற்றி எடுத்துப் பாருங்கள். கறுப்பு எங்கே சுரண்டப்பட்டிருக்கிறதோ அங்கேதான் நோய். குண்டின் தோளில் கோடுகள் தெரிந்தால், தோட்டா தடையின்றி விழுந்து தாராளமாகச் சுழலும்வரை குண்டைச் சிறிது சிறிதாக ஆழமாக இறக்குங்கள்.

ஓர் எச்சரிக்கை: குண்டு ஆழமாக இறங்கினால் கூட்டினுள் இடம் குறைந்து அழுத்தம் கூடும், 9 மி.மீ. போன்ற சிறிய கூட்டில் இந்த வேறுபாடு பெரியது. ஆகவே பழைய மருந்தளவைத் தொடராமல், நிரப்பு கையேடு தரும் தொடக்க அளவிலிருந்து மீண்டும் வாருங்கள்.

கேள்வி: கூட்டின் வாயருகே பூச்சு வளையமாக உரிந்து நிற்கிறது. மலிவான குண்டு என்பதாலா?

பதில்: குண்டைக் குறை சொல்வதற்கு முன் கூட்டின் வாயைப் பாருங்கள். வாய் போதுமான அளவு விரிக்கப்படாவிட்டால் விளிம்பே கத்தியாகிப் பூச்சைச் சீவிவிடும். அந்தச் சீவல் அறையின் முன்படியில் சேர்ந்து அடுத்த தோட்டாவையும் தடுக்கும். குண்டை இறக்குவதையும் கிரிம்ப் செய்வதையும் (கூட்டின் வாயை உள்நோக்கி அழுத்துவது) ஒரே டையில் முடிப்பவர்களுக்கும் இது நேரும் என்பதால், இரண்டையும் தனித்தனியாகச் செய்வதையே நான் வலியுறுத்துவேன். கிரிம்பின் வேலை விரித்த வாயை நேராக்குவது மட்டுமே, வாயருகே 9.65 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக இருந்தால் போதும். ஒரு குண்டை உருவிப் பாருங்கள்: பூச்சு வெட்டுப்பட்டு ஈயம் தெரிந்தால் கிரிம்ப் மிகை, அது குழலில் ஈயம் படிவதில் போய் முடியும்.

கேள்வி: மாதிரித் தோட்டாவின் அடிப்பகுதியில்தான் கறுப்பு அழிகிறது.

பதில்: கூட்டை உரிய அளவுக்கு இறுக்கும் சைஸிங் டை போதுமான அளவு கீழிறங்கவில்லை. டையைச் சரிசெய்து, அறையையும் துடைத்துவிடுங்கள்.

கேள்வி: உயிர்த் தோட்டா (இன்னும் சுடப்படாதது) சிக்கி, துப்பாக்கியின் மேல் முன்னும் பின்னும் நகரும் பாகமான ஸ்லைடு பின்னே வரவில்லை. முனை வழியாகக் கம்பியை விட்டுத் தட்டலாமா?

பதில்: கூடவே கூடாது. துப்பாக்கியின் முன்னால் உங்கள் கை எக்காரணத்தாலும் வரக் கூடாது. முனையைப் பாதுகாப்பான திசையில் வைத்து, விசையிலிருந்து விரலை விலக்கி, தோட்டாக்கள் அடுக்கிய மேகசினைக் கழற்றுங்கள். கையின் சாதாரண வலுவுக்கு ஸ்லைடு இசையாவிட்டால், சுடுகளத்தின் பொறுப்பாளரையோ துப்பாக்கித் தொழிலரையோ அங்கேயே வரச் சொல்லுங்கள். தோட்டா வெளியே வந்தபின் அதில் குண்டு இருக்கிறதா என்று பாருங்கள். வரிப்பள்ளம் கவ்விய குண்டு குழலிலேயே தங்க, கூடு மட்டும் மருந்தைக் கொட்டியபடி வெளிவருவது உண்டு; அதன் பின்னால் இன்னொரு தோட்டாவைச் சுட்டால் குழல் வெடிக்கக்கூடும். ஆகவே துப்பாக்கி காலி என்று உறுதிசெய்து, குழலைக் கழற்றி, அறைப் பக்கமிருந்து ஒளி தெரிகிறதா என்று பார்த்த பிறகே மீண்டும் பூட்டுங்கள்.