இணையதளத்துக்கு வருகிறவர்கள் தேடியது கிடைக்காமல் திரும்பிவிடுகிறார்கள். மெனுவின் வடிவமைப்பை மாற்றினால் சரியாகுமா?

வடிவமைப்பு அப்படியே இருக்கட்டும். முதலில் மெனுவில் உள்ள பெயர்களை மாற்றிப் பாருங்கள். தளங்கள் கட்டித் தருவதுதான் என் வேலை. நிறமும் எழுத்துருவும் ஆட்களைக் குழப்பியதைவிடப் பெயர்கள் குழப்பியதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

நிறுவனத்துக்குள் என்னென்ன பிரிவுகள் உண்டோ அவையே பெரும்பாலும் மெனுவாகிவிடுகின்றன. 'தீர்வுகள்', 'சேவைகள்', 'வளங்கள்' என்று மூன்று தலைப்பு இருந்தால், வாங்கிய பொருளைத் திருப்பி அனுப்ப வந்தவர் எதைத் தொடுவார்? மூன்றுமே அவருக்கு ஒன்றுதான். 'பொருளைத் திருப்பி அனுப்ப' என்றே எழுதிவிடுங்கள், நீளமாக இருந்தாலும் பரவாயில்லை. ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் பீட்டர் பிரொல்லியும் ஸ்டூவர்ட் கார்டும் 1990களில் இதை ஆராய்ந்தார்கள். விலங்கு மோப்பம் பிடித்து இரை தேடுவதைப் போலத்தான் மனிதர்கள் தகவலைத் தேடுகிறார்கள் என்றார்கள். தேடி வந்த விஷயத்தின் வாசனை ஒரு லிங்க்கின் பெயரில் வந்தால் கிளிக் செய்வார்கள், இல்லையென்றால் வேறு தளத்துக்குப் போய்விடுவார்கள்.

அந்தப் பெயர்களை நீங்களாக யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். உங்கள் தளத்தின் தேடுபெட்டியில் மக்கள் எதைத் தட்டுகிறார்கள், கூகுளில் என்ன தேடி உங்களிடம் வருகிறார்கள் என்று பாருங்கள். இரண்டாவது விவரம், தள உரிமையாளர்களுக்காக கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் இலவசமாகவே கிடைக்கும். வாடிக்கையாளர்கள் அனுப்பிய மின்னஞ்சல்களையும் படியுங்கள். அவர்கள் பேசும் சொற்கள் அங்கே அப்படியே கிடக்கும்.

அப்புறம் ஒரு சின்னச் சோதனை. புதிய மெனுவை வெறும் பெயர்களாக ஒரு தாளில் எழுதி, தளத்தோடு தொடர்பே இல்லாத நாலைந்து பேரிடம் காட்டுங்கள். "கட்டணத்தைத் திரும்பப் பெற எங்கே போவீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். நீங்கள் விளக்கம் சொல்லக் கூடாது. விரல் எங்கே தயங்குகிறதோ அங்கே பெயர் சரியில்லை.

மெனுவில் ஏழு தலைப்புக்கு மேல் கூடாது என்று பலர் சொல்வார்கள். உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதிய கட்டுரையைத்தான் அதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். அது மனதில் வைத்துக்கொள்வதைப் பற்றியது. மெனு கண் முன்னாலேயே இருக்கிறது, யாரும் அதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. எந்தப் பக்கத்துக்கும் மூன்று கிளிக்கில் போய்விட வேண்டும் என்று சொல்லும் கணக்கும் அப்படித்தான். ஒவ்வொரு கிளிக்கும் சரியான பக்கம் போகிறோம் என்ற நம்பிக்கையைத் தந்தால் நாலாவதற்கு யாரும் கோபப்படுவதில்லை.

தேடுபொறி வழியாக வருகிறவர்கள் பலர் முகப்பைப் பார்ப்பதே இல்லை, நேராக ஏதோ ஒரு உள்பக்கத்தில் வந்து இறங்குகிறார்கள். அதனால் ஒவ்வொரு பக்கத்திலும் தெளிவான தலைப்பு, மேலே 'முகப்பு › உதவி › திருப்பி அனுப்புதல்' போன்ற பாதை, முகப்புக்குப் போகும் லோகோ மூன்றும் இருக்கட்டும். கணினித் திரையில் இடம் இருக்கும்போது மெனுவை, தொட்டால்தான் திறக்கும் மூன்று கோட்டுச் சின்னத்துக்குள் ஒளிக்காதீர்கள். மொபைலில் லிங்க்குகள் விரலுக்கு எட்டும் அளவில் இருக்க வேண்டும். தளங்களை எல்லோரும் எளிதாகப் பயன்படுத்துவதற்கான வழிகாட்டு நெறிகளில் 2023இல் வந்த டபிள்யூசிஏஜி 2.2 (WCAG 2.2) குறைந்தது 24க்கு 24 பிக்சல் கேட்கிறது, நான் அதைவிடப் பெரிதாகவே வைப்பேன்.

பெயர் மாறும்போது பக்கத்தின் முகவரியும் மாறினால், பழைய முகவரிக்கு வருகிறவரைத் தானாகவே புதியதற்கு நிரந்தரமாக அனுப்பும் 301 ரீடைரக்ட் போட்டுவிடுங்கள். பழைய லிங்க்கைச் சேமித்து வைத்திருப்பவர்களும் சரியான இடத்துக்கு வந்து சேர வேண்டும் இல்லையா?