வாரப் பக்கமா, நாள் பக்கமா? வீட்டுக்கல்வி பிளானர் கேள்வி பதில்

மூன்று பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வருடமாக வீட்டிலேயே பாடம் நடக்கிறது. அதில் முதல் ஐந்து வருடம், வருடத்துக்கு ஒரு புது பிளானர் (பாடத் திட்டம் எழுதிவைக்கும் பக்கங்களின் தொகுப்பு) எடுத்து மூன்றாம் மாதமே அதை அலமாரிக்கு அனுப்பியவள் நான். பிளானரில் பாடத் திட்டப் பக்கங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டு மற்றதற்கெல்லாம் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: மகனுக்கு ஏழு வயது, இந்த வருடம்தான் ஆரம்பிக்கிறோம். நான் பதிவிறக்கிய பிளானரில் பாடத் திட்டத்துக்கென்றே 14 வகைப் பக்கங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துவிடலாமா அக்கா?

பதில்: ஒன்றைக்கூட எடுக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு சாதாரண கோடு போட்ட நோட்டில் கை போன போக்கில் எழுதுங்கள். கட்டம் கிடையாது, தலைப்பு கிடையாது, நாளைக்கு என்ன செய்ய வேண்டும் என்று தோன்றுகிறதோ அதை அப்படியே. அப்புறம் திருப்பிப் பாருங்கள். சிலர் திங்கள், செவ்வாய் என்று போட்டு அதன் கீழே வேலைகளை அடுக்கியிருப்பார்கள். சிலர் நாளையே குறிப்பிடாமல் கணக்கு 12, 13, 14 என்று பாடவாரியாக எழுதியிருப்பார்கள். மணி போட்டு எழுதுகிறவர்களும் உண்டு. நீங்கள் எந்த வகை என்று அந்த நோட்டே சொல்லிவிடும், 14-இல் அந்த வடிவத்தில் உள்ள ஒன்றை மட்டும் எடுத்தால் போதும். நான் பாடவாரி ஆள். அது தெரியாமல், காலை 8 முதல் அரைமணிக்கு ஒரு கட்டம் போட்ட அழகான பக்கத்தை இரண்டு வருடம் வைத்துக்கொண்டு, 8.30 கட்டத்தில் எழுதியது 9.10-க்குத்தானே நடந்தது என்று தினமும் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று. ஏழு வயதுப் பையனுக்கு உட்கார்ந்து செய்யும் பாடம் ஒரு நாளில் நான்கோ ஐந்தோதான் இருக்கும், அதற்கு அரைப் பக்கம் தாராளம். கட்டம் பெரிதாக இருந்தால் அதை நிரப்பச் சொல்லிக் கை பரபரக்கும், கட்டத்துக்காகவே பாடத்தைக் கூட்டுவீர்கள்.

கேள்வி: வாரப் பக்கம் போதுமா, நாளுக்கு ஒரு பக்கம் வேண்டுமா?

பதில்: முதலில் தாள் கணக்கைப் பாருங்கள். வாரத்துக்கு ஐந்து நாள், வருடத்துக்கு 36 வாரம் என்றால் 180 நாள். நாளுக்கு ஒரு பக்கம், இரண்டு பக்கமும் அச்சிட்டால் 90 தாள், ஒரு பிள்ளைக்கு. சாதாரண 80 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) தாள் 500 கொண்ட கட்டு ஏறக்குறைய 5 செ.மீ. உயரம் இருக்கும், மூன்று பிள்ளைகளுக்கு 270 தாள் என்றால் கிட்டத்தட்ட 2.7 செ.மீ. அதோடு மாதப் பக்கம், மதிப்பெண் பக்கம் எல்லாம் சேர்ந்தால் பிளானர் தலையணை மாதிரி ஆகிவிடும், எடுத்துத் திறக்கவே மனம் வராது.

அதைவிடப் பெரிய குறை, நாள் பக்கத்தில் வாரம் கண்ணுக்குத் தெரியாது. புதன்கிழமை விட்டுப்போன பாடத்தை வெள்ளியில் நுழைக்க முடியுமா என்று பார்க்க இரண்டு பக்கம் புரட்ட வேண்டும். அதனால் உங்களுக்கு வாரப் பக்கம், பிள்ளைக்கு நாள் சீட்டு. பத்து வயதுக்கு மேல் இருந்தால் அன்றைக்குச் செய்ய வேண்டியதை ஒரு சின்னச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், அவர்களே டிக் அடித்துக்கொள்வார்கள், சாயங்காலம் அதைக் கிழித்துப் போட்டுவிடலாம். பிளானரில் சேர்க்க வேண்டியதே இல்லை. சோதனை, கட்டுரை, வாசிப்பு என்று நாளுக்கு எட்டுப் பத்து வேலை ஓடும் உயர்வகுப்புப் பிள்ளை என்றால் மட்டும் நாள் பக்கம் யோசிக்கலாம், அதையும் அந்தப் பிள்ளையே எழுதட்டும்.

கேள்வி: எனக்கு மூன்று பேர், வயது 5, 8, 12. ஆளுக்கு ஒரு பக்கமா, எல்லோருக்கும் ஒரே பக்கமா? ஒரே பக்கத்தில் போட்டுப் பார்த்தேன், எழுத்தெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது.

பதில்: ஊரத்தான் செய்யும். ஆளுக்கு 6 பாடம், 3 பேர், 5 நாள்: மொத்தம் 90 கட்டம். ஏ4 தாளின் அளவு 210 × 297 மி.மீ. ஓரம், பைண்டிங் இடம், பாடத்தின் பெயருக்கு ஒரு பத்தி எல்லாம் போக அகலத்தில் 150 மி.மீ. மிஞ்சும், அதை ஐந்தால் வகுத்தால் ஒரு கட்டம் 30 மி.மீ. உயரத்தில் 270 மி.மீ. கிடைத்தாலும் 18 வரிசைக்கு வகுக்கும்போது 15 மி.மீ.தான். சாதாரணக் கையெழுத்தில் இரண்டு வரி. “பக். 42–45” எழுதலாம், அதற்கு மேல் ஒன்றும் எழுத முடியாது.

வழி என்னவென்றால், மூன்று பேரும் சேர்ந்து செய்வதைத் தனியாகப் பிரியுங்கள். வரலாறு, அறிவியல், சத்தமாக வாசித்துக் காட்டுவது, இவையெல்லாம் பெரும்பாலும் ஒன்றாகத்தானே நடக்கும்? அதை ஏன் மூன்று முறை எழுத வேண்டும். மேலே “எல்லோரும்” என்று மூன்று வரிசை, கீழே ஆளுக்கு மூன்று வரிசை. 18 வரிசை 12 ஆகிவிட்டது, கட்டத்தின் உயரம் 22 மி.மீ.க்கு வந்துவிட்டது, மூன்று வரி எழுதலாம். அப்படியும் பன்னிரண்டு வயதுக்காரருக்கு இடம் போதாது என்றால் அவரை மட்டும் தனிப் பக்கத்துக்கு மாற்றுங்கள். ஐந்து வயதுக்குத் தனிப் பக்கம் வேண்டவே வேண்டாம், எழுத்து, எண் என்று இரண்டு டிக் கட்டம் போதும்.

ஆளுக்கு ஒரு பக்கம் நன்றாக வேலை செய்யும் வீடுகளும் உண்டு. பிள்ளைகள் தாங்களே பக்கத்தைப் பார்த்து வேலை செய்கிற வயது என்றால் அதுதான் சரி. எல்லாம் உங்கள் வாயிலிருந்துதான் வர வேண்டும் என்றால் ஒரே பக்கம்.

கேள்வி: தேதி போட்ட பக்கமா, போடாததா? போன வருடம் தேதி போட்டது வாங்கி, காய்ச்சலில் இரண்டு வாரம் போய், அம்புக்குறி போட்டுப் போட்டே பிளானர் அசிங்கமாகிவிட்டது.

பதில்: மாத நாள்காட்டிக்குத் தேதி இருக்கட்டும், பாடப் பக்கத்துக்கு வேண்டாம். “வாரம் 1” என்று மட்டும் போட்டு, எந்தத் தேதியில் தொடங்கினீர்களோ அதைத் தொடங்கும் அன்று மேலே எழுதிக்கொள்ளுங்கள். கணக்குப் புத்தகத்தில் பாடம் 57 எந்த நாளில் வந்தாலும் பாடம் 57தான். காய்ச்சல் வந்தால் பிளானர் அப்படியே காத்திருக்கும்.

கூடவே, முழு விவரத்தோடு இரண்டு வாரத்துக்கு மேல் முன்னால் எழுதாதீர்கள். ஆர்வத்தில் முதல் மாதமே பன்னிரண்டு வாரத்துக்கு எழுதி வைக்கிறவர்கள்தான் அதிகம் அழிக்கிறார்கள்.

கேள்வி: வருடக் கடைசியில் எப்போதும் போர்ஷன் முடிவதில்லை. எந்தப் பக்கம் இருந்தால் இது முன்கூட்டியே தெரியும்?

பதில்: எந்த வாரப் பக்கமும் இதைச் சொல்லாது. வருடம் முழுவதையும் ஒரே தாளில் காட்டும் பக்கம் ஒன்று வேண்டும், பிளானர் தொகுப்பில் வாரப் பக்கத்தைவிட நான் முதலில் தேடுவது அதைத்தான். இடது பக்கம் பாடங்கள், மேலே 1 முதல் 36 வரை வாரங்கள், அவ்வளவுதான். கணக்கில் 120 பாடம் இருக்கிறது என்று வையுங்கள். 36-ஆல் வகுத்தால் வாரத்துக்கு 3.3. மூன்று என்று வைத்தால் 36-ஆம் வாரம் முடியும்போது 108-இல் நிற்பீர்கள், 12 பாடம் பாக்கி. நான்கு என்று வைத்தால் 30 வாரத்தில் முடிந்து ஆறு வாரம் கையிருப்பு. அந்த ஆறு வாரம்தான் காய்ச்சல், பயணம், வீட்டுக்கு வருகிறவர்கள், “இன்றைக்கு முடியாதுப்பா” எல்லாவற்றுக்கும். வாரத்துக்கு ஐந்து நாளும் நிரப்பிய திட்டத்தில் இந்த இடம் இருக்காது. நான் வெள்ளிக்கிழமைப் பத்தியைக் காலியாகவே விட்டுவைக்கிறேன், பாக்கி வேலைக்கு. பாக்கி இல்லாத வாரம் வருடத்தில் நாலைந்து வரும்.

கேள்வி: ஓவியம், இசை, புவியியல், கைவேலை. இந்த நான்கும் திட்டத்தில் இருக்கும், நடக்கவே நடக்காது.

பதில்: நாள் குறித்தால் நடக்காது. நான்கையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, லூப் என்று சொல்வார்களே, அதுபோல் சுற்றில் விடுங்கள். நேரம் கிடைக்கும் அன்று வரிசையில் அடுத்தது எதுவோ அது, முடித்தால் ஒரு புள்ளி, கடைசி வந்ததும் மறுபடி முதலிலிருந்து. செவ்வாய் ஓவியம் என்று வைத்து, செவ்வாய் போனால் ஓவியமும் போனது என்கிற கதை இதில் இல்லை. இதற்கென்று தனிப் பக்கம் தேட வேண்டாம், வாரப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கி நோட் ஒட்டி வாராவாரம் நகர்த்தினால் போதும்.

கேள்வி: நாங்கள் ஒரு பாடத்தை எடுத்தால் மூன்று நான்கு வாரம் அதையேதான் செய்கிறோம், வால்டார்ஃப் முறை. வாரக் கட்டங்களில் பாதி காலியாகவே கிடக்கிறது.

பதில்: 1919-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் ருடால்ஃப் ஸ்டைனர் தொடங்கிய பள்ளியிலிருந்து வந்த முறை, அதில் காலையில் ஒரு நீண்ட பாடம், அது சில வாரம் தொடரும். பாடத்துக்கு ஒரு வரிசை வைத்த பக்கம் உங்களுக்கு ஒத்தே வராது. ஒரே பாடம் ஓடும் அந்தச் சில வாரத்தை ஒரு தொகுதி என்று வைத்து, தொகுதிக்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள்: இடது பக்கத்தில் இந்தத் தொகுதியில் சொல்லப்போகும் கதைகள், செய்யப்போகும் வேலைகள், தேவையான புத்தகங்கள், வலது பக்கத்தில் 15 அல்லது 20 கோடு, நாளுக்கு ஒன்று. வருடத்துக்கு ஒன்பது பத்துத் தொகுதி என்றால் 20 பக்கத்தில் வருடமே முடிந்தது. தினமும் நடக்கும் கணக்குப் பயிற்சிக்கு மட்டும் ஓரத்தில் டிக் கட்டம்.

கேள்வி: மகள் தன் போக்கில்தான் படிக்கிறாள், நான் முன்கூட்டி எதுவும் போடுவதில்லை. பாடத் திட்டப் பக்கம் எனக்குத் தேவையா?

பதில்: தேவைதான், தலைகீழாக. அதே வாரப் பக்கத்தை எடுத்து, நடந்ததை ராத்திரி எழுதுங்கள். நாளுக்கு ஐந்து வரி. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் ஒன்றுமே நடக்கவில்லை என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்த காலத்தில் எவ்வளவு நடந்திருக்கிறது என்று தெரியும், கேட்கிறவர்களுக்குக் காட்டவும் ஏதாவது இருக்கும்.

இதோடு மாண்டிசோரி ஆசிரியர்கள் வைக்கும் முக்கோணக் குறியும் நல்ல பழக்கம். திறன்களை வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். காட்டிக்கொடுத்தாயிற்று என்றால் ஒரு சாய்கோடு, பழகிக்கொண்டிருக்கிறாள் என்றால் இரண்டாம் கோடு, கைவந்துவிட்டது என்றால் அடியில் மூன்றாம் கோடு போட்டு முக்கோணத்தை மூடிவிடுவது. முடித்தாள், முடிக்கவில்லை என்ற டிக்கைவிட இதில் விஷயம் அதிகம். திட்டம் போட்டு நடத்துகிறவர்களும் இதை வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: வருகைப் பக்கம் அவசியமா?

பதில்: நீங்கள் இருக்கும் இடத்தின் சட்டம் என்ன கேட்கிறது என்று முதலில் பாருங்கள். சில இடங்களில் நாள் கணக்கு, சில இடங்களில் மணிக்கணக்கு, சில இடங்களில் எதுவுமே கேட்பதில்லை. மணிக்கணக்கு கேட்கிற இடம் என்றால் வாரப் பக்கத்தின் அடியில் மொத்த மணி எழுத ஒரு கட்டம் உள்ள வடிவத்தை எடுங்கள், வருடக் கடைசியில் உட்கார்ந்து கூட்டுவது கொடுமை.

கேள்வி: ஏ4-இல் இருக்கும் பக்கத்தை ஏ5 பிளானருக்குச் சுருக்கி எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம், பிரிண்டரில் 71 சதவீதம் என்று வையுங்கள், சரியாக உட்காரும். ஆனால் 22 மி.மீ. கட்டம் 16-க்கும், 8 மி.மீ. கோடு ஆறுக்கும் கீழே வந்துவிடும், உங்கள் கையெழுத்து சுருங்காது. ஒரு தாள் மட்டும் எடுத்து ஒரு வாரம் எழுதிப் பார்த்துவிட்டு மற்றதை எடுங்கள். ஸ்கெட்ச், ஹைலைட்டர் பிடிக்கும் என்றால் 100 ஜிஎஸ்எம் தாள், 80-இல் பின்பக்கம் தெரியும்.

கேள்வி: அழிக்கிற மாதிரிப் பேனாவில் எழுதலாமா?

பதில்: உரசினால் அழியும் ஜெல் பேனா என்றால் கவனம். அது உரசலின் சூட்டில்தான் மறைகிறது, 60 டிகிரி செல்சியஸ் தாண்டினால் உரசாமலே மறையும். வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் பிளானரை வைத்தாலோ, எழுதிய பக்கத்தை லேமினேட் செய்தாலோ வெள்ளைத் தாள்தான் மிஞ்சும். திட்டத்துக்கு பென்சில், நடந்ததற்குச் சாதாரணப் பேனா.

கேள்வி: பாடத் திட்டம் மனைவி போடுகிறார், நான் சாயங்காலம் அறிவியல் மட்டும் எடுக்கிறேன். எனக்கென்று தனிப் பக்கம் வேண்டுமா அக்கா?

பதில்: வேண்டாம் தம்பி, அவர் பக்கத்திலேயே “தயார் செய்ய வேண்டியது” என்று ஒரு கட்டம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலான பிளானர்களில் இந்தக் கட்டம் இருக்காது, கீழே இரண்டு அங்குலம் மடித்து நாமே கோடு போட வேண்டியதுதான். வியாழன் சோதனைக்குக் காந்தமும் இரும்புத்தூளும் வேண்டும் என்று வியாழன் மாலை புத்தகத்தைத் திறந்த பிறகு தெரிந்து என்ன பயன்? ஞாயிற்றுக்கிழமையே அங்கே எழுதிவிட்டால் வாங்குகிறவர் வாங்கிவிடுவார், தேடுகிறவர் தேடிவிடுவார். எங்கள் வீட்டில் அறிவியல் பாடம் பாதி நின்றுபோனதற்குக் காரணம் பேட்டரிதான், இப்போது அந்தக் கட்டத்தில் முதல் வரியே பேட்டரி என்று அச்சடித்தே வைத்திருக்கிறேன்.