பாத அறுவைச் சிகிச்சைத் தழும்பு: காயம் ஆறிய பின்னும் வலி ஏன்?

கேள்வி: எனக்கு வயது 46. தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில் விற்பனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வலது கால் பெருவிரலின் மூட்டுப் புடைப்புக்கு (பனியன்) இரண்டு மாதங்களுக்கு முன்பு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டேன். எலும்பு நன்றாகச் சேர்ந்து வருகிறது என்று எக்ஸ்ரே பார்த்து மருத்துவர் சொல்லிவிட்டார். காயமும் ஆறிவிட்டது. ஆனால் தழும்பின் மேல் செருப்பு வார் பட்டால் சுரீர் என்கிறது. இரவில் போர்வை உரசினால்கூடத் தூக்கம் கலைகிறது. வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்து அந்த எண்ணெயைத் தடவி வருகிறேன். சீழ் பிடிக்கும் என்று வீட்டில் முட்டை, பருப்பு, கத்தரிக்காய் எதையும் சாப்பிட விடுவதில்லை. அடுத்த மாதம் வேலைக்குத் திரும்ப வேண்டும். என்ன செய்யலாம்?

பதில்: இரண்டு மாதங்களில் தழும்பு கூச்சத்துடனும் வலியுடனும் இருப்பது பலருக்கும் நேர்வதுதான், இதை மட்டும் வைத்து அறுவைச் சிகிச்சை சரியாக அமையவில்லை என்று நீங்கள் கலங்க வேண்டாம். தோலின் மேற்பரப்பு இரண்டு மூன்று வாரங்களில் மூடிக்கொண்டுவிடுகிறது. ஆனால் அதற்கு அடியில் அவசர அவசரமாக உருவான கொலாஜன் எனும் புரத இழைகள் கரைந்து, மீண்டும் ஒழுங்காக அடுக்கப்படும் பணி ஓராண்டு வரையிலும், சிலருக்கு அதற்கு மேலும் நடந்துகொண்டே இருக்கும். மூன்று மாத அளவில்தான் தழும்பு பழைய தோலின் வலிமையில் ஏறக்குறைய 80 விழுக்காட்டை எட்டுகிறது. இந்தக் காலத்தில் அது சற்றுச் சிவந்தும் தடித்தும் இறுகியும் இருப்பது இயல்பே.

பாதத்தில் இந்தத் தொல்லை கூடுதலாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பெருவிரல் மூட்டின் உட்புறத்தில் தோலுக்கும் எலும்புக்கும் இடையே கொழுப்பு மிகக் குறைவு; ஆகவே தழும்பு அடியில் உள்ள திசுவோடு எளிதில் ஒட்டிக்கொள்கிறது. தவிர, அந்த மூட்டின் மேற்புற விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய தோல் நரம்பு விரல் நுனி வரை செல்கிறது. அறுவையின்போது அது இழுபட்டிருக்கலாம், அல்லது ஆறும் தழும்புக்குள் சிக்கியிருக்கலாம். தழும்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரல் நுனியால் மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். குறிப்பிட்ட ஓர் இடத்தில் மட்டும் மின்சாரம் பாய்ந்ததுபோல விரல் நுனியை நோக்கி ஓடினால், அது நரம்பின் எரிச்சல் என்று கொள்ளலாம். நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வேகத்தில்தான் மீண்டும் வளர்கிறது என்பதால் இதற்குப் பொறுமை வேண்டும்.

போர்வை பட்டால்கூட வலிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி வலிக்கும் இடத்தை எதுவும் தொடாமல் பொத்திப் பாதுகாக்கத் தோன்றுவது இயற்கை. ஆனால் தொடுதலே கிடைக்காத தோல் நாளடைவில் மேலும் கூச்சமடைகிறது; சாதாரண உரசலையும் நரம்புகள் ஆபத்து என்றே மூளைக்குத் தெரிவிக்கின்றன. ஆகவே காயம் முழுவதும் மூடி, பொருக்கு உதிர்ந்து, கசிவு ஏதும் இல்லாத இந்த நிலையில் உங்கள் தழும்புக்குத் தேவைப்படுவது அளவறிந்த, தினசரித் தொடுதல். அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

முதலில் தேய்ப்பு. கையைக் கழுவி, மணமில்லாத ஈரப்பசைக் களிம்பு சிறிதளவு எடுத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலைத் தழும்பின் மேல் வைத்து, தோல் சற்றே வெளுக்கும் அளவுக்கு அழுத்தி, விரல் வழுக்கிச் செல்லாமல், தோலும் தழும்பும் சேர்ந்து நகரும்படி மேலும் கீழும், பக்கவாட்டிலும், பிறகு வட்டமாகவும் அசையுங்கள். சுற்றியுள்ள தோல் எளிதாக நகர, தழும்பு மட்டும் ஓரிடத்தில் பள்ளமாக உள்ளிழுப்பது கண்ணுக்கே தெரியும். ஒட்டியிருக்கும் இடம் அதுதான், அங்கே கூடுதல் நேரம் கொடுங்கள். ஒரு வேளைக்கு ஐந்து நிமிடங்கள், நாளுக்கு இரண்டு அல்லது மூன்று வேளை போதும். செய்யும்போது இழுவை தெரியலாம். ஆனால் செய்து முடித்த பின் வெகுநேரம் வலி நின்றாலோ, தோல் உரிந்தாலோ அழுத்தம் அதிகம் என்று பொருள்.

அடுத்தது கூச்சம் தெளிவிக்கும் பயிற்சி. இதற்கு உங்கள் தொழிலே கைகொடுக்கும். பட்டு, மல் துணி, சாதாரணக் காட்டன், பூந்துவாலை, சணல் என்று மென்மையிலிருந்து சொரசொரப்புக்குச் செல்லும் வரிசையில் சிறு துண்டுகளைச் சேர்த்து வையுங்கள். பொறுத்துக்கொள்ள முடிகிற துணியால் முதலில் தழும்பைச் சுற்றியும், பிறகு தழும்பின் மேலும் ஐந்து நிமிடங்கள் தடவுங்கள். அந்தத் துணி உறுத்தாமல் போன பிறகே அடுத்ததற்குச் செல்ல வேண்டும். கண்ணால் பார்த்துக்கொண்டே செய்வது நல்லது, ஏனெனில் தொடுவது வெறும் துணிதான் என்று மூளைக்கும் தெரிய வேண்டும். பல வாரங்கள் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால், கே.கே. நகரில் உள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிறுவனத்திலோ, உங்களுக்கு அருகில் உள்ள இயன்முறை மருத்துவரிடமோ ஒருமுறை நேரில் கற்றுக்கொள்ளுங்கள்.

வைட்டமின் ஈ எண்ணெயை நிறுத்திவிடுங்கள். தழும்பை அது மேம்படுத்துகிறது என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. 1999-இல் வெளியான ஒரு சிறு ஆய்வில், தடவியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குத் தோல் ஒவ்வாமைதான் வந்தது. தழும்பு தடித்து வருமானால் சிலிக்கான் ஜெல் அல்லது சிலிக்கான் பட்டையைப் பயன்படுத்தலாம். பட்டையை நாளுக்கு 12 மணி நேரமாவது ஒட்டியிருக்க வேண்டும், இரண்டு மூன்று மாதங்கள் தொடர வேண்டும். நம் சென்னை வியர்வையில் பட்டைக்கு அடியில் வேர்க்குரு வருவது உண்டு. அப்படியானால் ஜெல்லுக்கு மாறிக்கொள்ளுங்கள். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் புதிய தழும்பு வெயில் பட்டால் எளிதில் கறுத்துவிடும் என்பதால், வெளியே செல்லும்போது துணியாலோ சன்ஸ்கிரீனாலோ அதை மறைப்பது நல்லது.

உணவு விஷயத்தில் உங்கள் வீட்டாரின் அக்கறை புரிகிறது, ஆனால் அந்தப் பத்தியம் உங்களுக்கு எதிராகவே வேலை செய்கிறது. சீழ் பிடிப்பது கிருமித் தொற்றால். பருப்பாலோ முட்டையாலோ அல்ல. தழும்பைக் கட்டும் கொலாஜனே ஒரு புரதம்தான். முட்டை, பருப்பு, மீன், தயிர், கூடவே கொய்யா, நெல்லிக்காய் போன்ற வைட்டமின் சி மிகுந்தவை எல்லாம் உங்கள் தட்டில் இருக்க வேண்டும். கத்தரிக்காய் தின்றால் வாய் அரிக்கும் ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் அதைத் தவிர்க்கட்டும்.

இனி செருப்பும் வேலையும். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே வார் செல்லும் செருப்பைச் சில மாதங்களுக்குத் தள்ளி வையுங்கள். முன்புறம் அகலமாகவும், மேற்பகுதி மிருதுவாகவும், வெல்க்ரோ பட்டையால் தளர்த்தக்கூடியதாகவும், எம்.சி.ஆர். எனப்படும் மிருதுவான நுண்துளை ரப்பர் அடித்தளம் கொண்டதாகவும் உள்ள செருப்பை மாலை நேரத்தில், கால் வீங்கியிருக்கும்போது போட்டுப் பார்த்து வாங்குங்கள். தழும்பின் மேல் பஞ்சு வைத்து மூடினால் அழுத்தம் கூடத்தான் செய்யும். நடுவில் துளையிட்ட, வடை வடிவிலான மென்பட்டையைத் தழும்பைச் சுற்றி ஒட்டினால் வாரின் பாரம் சுற்றுப்புறத்தில் இறங்கும். வீக்கம் வற்றும் வரை அந்தக் காலில் மெட்டி வேண்டாம்.

பாத வீக்கம் ஆறு மாதங்களோ அதற்கு மேலோ நீடிக்கக்கூடும், நாள் முழுவதும் நின்றால் அது நிச்சயம் கூடும், வீங்கிய தோலில் தழும்பும் அதிகம் வலிக்கும். ஜவுளிக்கடைப் பணியாளர்கள் மணிக்கணக்கில் நின்றே வேலை பார்ப்பது நம் ஊரில் நெடுங்கால அவலம். 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டு, பணியாளர்களுக்கு இருக்கை வசதி அளிப்பது கட்டாயமாக்கப்பட்டுள்ளது. அதைக் கேட்டுப் பெறுவதில் உங்களுக்குக் கூச்சம் வேண்டாம். முதல் சில வாரங்களுக்குக் குறைந்த நேரப் பணிக்கு மருத்துவரிடம் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். இடையிடையே உட்காருங்கள், வீடு திரும்பியதும் பாதம் நெஞ்சின் மட்டத்துக்கு மேல் இருக்கும்படி தலையணை மேல் நீட்டிப் படுங்கள். மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் கால் வைக்க நேர்ந்தால் உடனே சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்குவரை துடைத்துவிடுங்கள். சர்க்கரை நோய் இருந்து பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்குமானால் வெந்நீர் ஒத்தடமும் ஐஸ் ஒத்தடமும் கூடாது.

தழும்பு மறுபடி சிவந்து சுட்டாலோ, நீர் அல்லது சீழ் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தால் இரத்தக் குழாய்க்குள் இரத்தம் உறைந்திருக்கலாம், அதற்கு ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. பாதம் முழுவதும் எரிந்து, நிறம் மாறி, ஒரு பாதம் மட்டும் வழக்கத்துக்கு மாறாகக் குளிர்ந்தோ வியர்த்தோ போனால் அது வேறு வகையான நரம்பு வலி நோய். சீக்கிரம் தொடங்கினால் சிகிச்சை நன்கு பலிக்கும்.

இவை எதுவும் இல்லாமல், மேற்சொன்ன பயிற்சிகளை ஒழுங்காகச் செய்தும் அடுத்த இரண்டு மூன்று மாதங்களில் கூச்சம் குறையாவிட்டால், உங்கள் அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் திரும்பச் செல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியையும் கடைசி எக்ஸ்ரேயையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். சிலருக்கு எலும்பைப் பிணைத்த திருகாணியின் தலை தழும்புக்கு நேர் அடியில் முட்டிக்கொண்டிருக்கும். அந்த வலி தேய்ப்பதால் தீராது, எலும்பு முழுவதும் கூடிய பிறகு திருகாணியை அகற்றினால்தான் தீரும். நரம்பு சிக்கியிருப்பதாகத் தெரிந்தால், அந்த இடத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டுச் சோதித்துவிட்டு, நரம்பு வலிக்கான மாத்திரையா, தழும்பிலிருந்து நரம்பை விடுவிக்கும் சிறு அறுவையா என்று அவர் முடிவு செய்வார்.