குபர்நெட்டிஸ் அமைப்புக் கோப்பு – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சுங்கை சிப்புட்டில் தோட்டத்துப் பிள்ளைகளுக்காக நாங்கள் நடத்தும் கணினி வகுப்புக்குப் பழைய கணினிகள் மூன்று கிடைத்தன. பல கணினிகளைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் குபர்நெட்டிஸ் மென்பொருளைக் கொண்டு, அவற்றை ஒரே கிளஸ்டராக (கணினித் தொகுதியாக) இணைக்க முயன்றேன். கிளஸ்டரை உருவாக்கும் கருவியான கியூப்அட்மினின் இனிட் (தொடக்க) கட்டளைக்கு அமைப்புக் கோப்பைக் கொடுத்து, பாட் (குபர்நெட்டிஸ் செயலிகளை இயக்கும் சிற்றலகு) வலையமைப்பின் முகவரியையும் கட்டளையிலேயே சேர்த்தபோது, இரண்டையும் கலக்க முடியாது என்று பிழைச்செய்தி வந்தது. கோப்பைக் கைவிட்டு, எல்லாவற்றையும் கட்டளையிலேயே எழுதிவிடலாமா?

வாசகர், சுங்கை சிப்புட்

அன்புள்ள நண்பருக்கு,

கோப்பைக் கைவிட வேண்டாம். கட்டளையில் கூடுதலாகச் சேர்த்ததை எடுத்துவிடுங்கள். அந்த முகவரியின் இடம், கோப்பில் கிளஸ்டர் கான்ஃபிகரேஷன் பகுதியில் நெட்வொர்க்கிங் என்பதன் கீழ் வரும் பாட் சப்நெட் என்ற வரி.

அங்கே எந்த எண்ணை எழுதுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பாடுகளை இணைக்கும் வலையமைப்பு மென்பொருள்களுள் ஒன்றான கேலிகோவுக்கான எடுத்துக்காட்டுகளில் 192.168.0.0/16 என்று இருக்கும். வீட்டு ரூட்டர்களில் பெரும்பாலானவையும் 192.168 என்று தொடங்கும் முகவரிகளையே கொடுப்பதால், அதை அப்படியே எழுதினால் பாடுகளின் முகவரிகளும் கணினிகளின் முகவரிகளும் மோதிக்கொண்டு, காரணம் எளிதில் பிடிபடாத கோளாறுகள் வரும். அத்தகைய இன்னொரு மென்பொருளான ஃபிளானல் இயல்பாக எதிர்பார்க்கும் 10.244.0.0/16 உங்களுக்குப் போதும்.

கியூப்அட்மினே அச்சிட்டுத் தரும் மாதிரிக் கோப்பிலிருந்து தொடங்கியிருந்தால், அதில் அட்வர்டைஸ் அட்ரஸ் (தலைமைக் கணினி மற்றவற்றுக்கு அறிவிக்கும் முகவரி) 1.2.3.4 என்றும், கணினியின் பெயர் வெறுமனே நோட் என்றும் இருக்கும். இரண்டையும் மாற்றுங்கள். அதிலுள்ள டோக்கன் (கிளஸ்டரில் சேரக் கணினிகள் காட்டும் கடவுச்சொல்) ஊரறிந்தது, அதையும் நீக்கிவிடுங்கள்.

மாதிரியில் இல்லாத ஒரு வரியை நீங்களே சேர்க்க வேண்டும்: கண்ட்ரோல் பிளேன் எண்ட்பாயிண்ட், அதாவது கிளஸ்டரின் தலைமையை அணுகுவதற்கான பொது முகவரி. இப்போது ஒரு கணினி மட்டுமே தலைமையாக இருந்தாலும், பின்னாளில் மற்ற இரண்டையும் தலைமைக்கு உயர்த்த நினைத்தால், தொடக்கத்திலேயே இவ்வரி இல்லாத கிளஸ்டரை அவ்வாறு மாற்றக் கியூப்அட்மின் வழி தருவதில்லை. அதில் ஐபி எண்ணுக்குப் பதிலாக ஒரு பெயரை எழுதி, அப்பெயரை மூன்று கணினிகளின் ஹோஸ்ட்ஸ் கோப்பிலும் (எந்தப் பெயருக்கு எந்த ஐபி எண் என்ற பட்டியல்) பதியுங்கள். இடி மழையில் மின்சாரம் போய்வந்தால் ரூட்டர் வேறு முகவரி கொடுத்துவிடக்கூடும் என்பதால், ரூட்டரிலேயே மூன்றுக்கும் நிலையான முகவரியை ஒதுக்கிவிடுவது நல்லது.

தலைமைக் கணினிக்கு 2 ஜிபி நினைவகமும் 2 சிபியூவும் வேண்டும். மூன்றிலும் ஸ்வாப்பை (வட்டை நினைவகம்போலப் பயன்படுத்தும் வசதி) அணைத்துவிடுங்கள். அமைப்புக் கோப்பு யாமல் என்ற வடிவில் எழுதப்படுவதால், அதில் டேப் விசை கூடாது. இனிட் முடிந்தபின் கணினி நாட் ரெடி (தயாராகவில்லை) என்று காட்டினால் பதற வேண்டாம். ஃபிளானலை நிறுவியதும் சரியாகிவிடும். இணைப்பு டோக்கன் 24 மணி நேரமே செல்லும். மற்ற இரண்டையும் அடுத்த வார வகுப்பில் பிள்ளைகளைக் கொண்டு இணைப்பதாக இருந்தால், அன்றைக்குப் புதிய டோக்கனை உருவாக்கிக்கொள்ளுங்கள்.