துவர்ப்பை அறிந்த நாக்கு

தம்பி, வேலையில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, சனிக்கிழமை உடன் வேலை பார்ப்பவர்கள் ஆல்பாவுக்கு அருகே ஒயின் ருசிபார்க்க அழைத்திருக்கிறார்கள், எனக்கு ஒன்றுமே தெரியாது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இத்தாலியின் டூரினுக்கு வந்து 19 ஆண்டுகள் ஆகின்றன. தயங்காமல் போய்வாருங்கள். மது தொடுவதில்லை என்றால் 'அஸ்தேமியோ' என்ற ஒரு இத்தாலியச் சொல் போதும்; முகர்ந்து பார்த்துவிட்டு உடன் உட்கார்ந்திருக்கலாம்.

உங்கள் நாக்குக்கு நிறையவே தெரியும். வாழைப்பூ, பாக்கு, நாவற்பழம் என்று துவர்ப்பைத் தனிச் சுவையாக எண்ணி வளர்ந்தவர்கள் நாம். இத்தாலியச் சிவப்பு ஒயினில் பாதிப் பாடம் அந்தத் துவர்ப்புதான். திராட்சைத் தோலிலும் விதையிலும் இருக்கும் டானின் எச்சிலின் புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வாய் வறண்டு இழுக்கிறது. அதிக நேரம் கொதித்த தேயிலைச் சாயமும் அதையேதான் செய்கிறது.

பெரும்பாலும் முதலில் நுரைக்கும் ஒயினை ஊற்றுவார்கள். ஆல்பாவைச் சுற்றிய மலைப்பகுதியின் சொந்தச் சரக்கு ஆல்டா லாங்கா. பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதித்து, ஈஸ்ட் வண்டலோடு குறைந்தது 30 மாதம் கிடந்து வருவது. பேக்கரி வாசலில் நிற்பது போன்ற வாசம் வந்தால் அது அந்த வண்டல் தந்தது. புரோசெக்கோ என்ற இன்னொரு இத்தாலிய நுரை ஒயினுக்குப் பெரிய தொட்டியில் நொதிக்கவைக்கும் முறைதான் வழக்கம். அதில் ஆப்பிளும் பேரிக்காயும் முன்னால் நிற்கும். குமிழிகளை எண்ணி மதிப்பிட வேண்டாம், கிளாஸில் ஒட்டிய தூசியே குமிழியைக் கூட்டிவிடும். நுரை நாக்கில் மென்மையாகப் படர்கிறதா, சோடாவைப் போலக் குத்துகிறதா என்று பாருங்கள். ஒரு பெயரில் மட்டும் ஏமாறாதீர்கள். 'டிரை' என்றால் இனிப்பில்லாதது என்று தோன்றும், ஆனால் 'எக்ஸ்ட்ரா டிரை' என்றால் லிட்டருக்கு 12 முதல் 17 கிராம் வரை சர்க்கரை. 'புரூட்' அதைவிட இனிப்புக் குறைந்தது.

பிறகு சிவப்பு. பார்பெரா என்ற திராட்சையின் ஒயின் கருஞ்சிவப்பாக இருக்கும், ஆனால் துவர்ப்புக் குறைவு. புளிப்புதான் தூக்கலாக இருக்கும். நெபியோலோ திராட்சையில் செய்யும் பரோலோ நேர்மாறு. வெளிறிய நிறம், வயதானால் ஓரத்தில் செங்கல் சாயல், வாயில் வைத்தால் ஈறு வரை இழுக்கும் துவர்ப்பு. குறைந்தது 38 மாதம் வைத்திருந்துதான் விற்க வேண்டும். அதில் 18 மாதம் மரப் பீப்பாயில். அந்தத் துவர்ப்பு மணலாக உரசினால் ஒயின் இன்னும் இளசு, அல்லது செய்நேர்த்தி போதாது. விழுங்கிய பின்னும், துப்பிய பின்னும் சுவை எவ்வளவு நேரம் தங்குகிறது என்று மனத்துக்குள் எண்ணிப் பாருங்கள். ஒயினை எடைபோட நான் பெரிதும் நம்புவது அந்த எண்ணிக்கையைத்தான்.

நான் முதன்முதலில் பரோலோ குடித்தது ஒரு நண்பர் வீட்டில். வெறும் வாயில் ஒரு மிடறு, தாங்கவில்லை. என் முகத்தைப் பார்த்த அவருடைய அம்மா ஒன்றும் சொல்லாமல், ஒயினிலேயே வேகவைத்த மாட்டிறைச்சியைத் தட்டில் வைத்தார். ஒரு துண்டு தின்றுவிட்டுக் குடித்தபோது அதே ஒயின் இளகிப்போயிருந்தது. அதனால் நடுவில் பாலாடைக்கட்டியும் கிரிசீனி என்ற மொறுமொறு ரொட்டிக் குச்சியும் வைத்தால் கூச்சப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள். அன்று பகலில் காரக்குழம்பு மட்டும் வேண்டாம். காரம் பட்ட நாக்கில் துவர்ப்பும் ஆல்கஹாலும் வெறும் எரிச்சலாகவே தெரியும். சென்ட்டும் வேண்டாம், பக்கத்தில் இருப்பவரின் மூக்கையும் கெடுத்துவிடும்.

கருத்துக் கேட்டால் புத்தகச் சொற்களைத் தேட வேண்டாம். பழைய பரோலோ ஒன்றை முகர்ந்துவிட்டு, கோயிலில் மறுநாள் களையும் ரோஜா மாலையின் வாசம் வருகிறது என்று நான் சொன்னேன். ஒயின் செய்தவர் எழுந்து வந்து கைகொடுத்தார். காய்ந்த ரோஜா என்றுதான் அவர்களும் அதைச் சொல்கிறார்கள். அப்போது எனக்கு உண்டான மகிழ்ச்சி உங்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

மேசையில் ஒரு வாளி இருக்கும், துப்புவதற்குத்தான். நம் ஊரில் பந்தியில் துப்பினால் எழுப்பிவிடுவார்கள். இங்கே அது தொழில் தெரிந்தவர் செய்யும் காரியம். ஆறேழு ஒயின் வரும்போது எல்லாவற்றையும் விழுங்கினால் நான்காவதற்குமேல் எதையும் மதிப்பிட முடியாது. இத்தாலிய ஓட்டுநர் உரிமம் பெற்று மூன்று ஆண்டு ஆகாதவர் ஒரு சொட்டும் குடித்துவிட்டு ஓட்டக்கூடாது. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு ரத்தத்தில் ஆல்கஹால் லிட்டருக்கு 0.5 கிராம்தான் எல்லை. திரும்பும்போது யார் ஓட்டப்போகிறார்கள் என்று வெள்ளிக்கிழமையே கேட்டுவிடுங்கள். சரியான பதில் வராவிட்டால், ஆல்பாவிலிருந்து டூரினுக்கு ரயில் இருக்கிறது.