பொம்மையும் தலையணையும்

வணக்கம்.

இப்போது பார்த்துவரும் ஆங்கிலக் குற்றத் தொடரில் நான்கு மாதக் குழந்தை தூக்கத்திலேயே இறந்துவிடுகிறது. பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர், உள்ளே ரத்தப் புள்ளிகள் இருக்கின்றன, தலையணையால் அழுத்தியிருக்கிறார்கள் என்று அன்று மாலையே சொல்லிவிடுகிறார். பாட்டி படுக்கை விரிப்பைத் துவைத்ததைத் தடயத்தை அழித்ததாகக் காட்டுகிறார்கள். பிறகு காவல் நிலையத்தில் தாயின் கையில் பொம்மையைக் கொடுத்து, “எப்படிக் கிடந்தது, காட்டுங்கள்” என்கிறார்கள். பார்க்கவே சகிக்கவில்லை. நிஜத்தில் இப்படியெல்லாம் நடக்குமா?

ஒரு வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

வணக்கம்.

உங்களால் சகிக்க முடியாத அந்தப் பொம்மைதான் அத்தியாயத்திலேயே நிஜம். மருத்துவர் சொல்வதுதான் கதை.

நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பி, இதயம், நுரையீரல் மீது காணும் பொடிப்பொடியான ரத்தப் புள்ளிகள், காரணமே பிடிபடாத திடீர் சிசு மரணங்களில் பெரும்பாலும் இருப்பவை. மெத்தென்ற தலையணையால் மூச்சை அடைத்தாலோ, உடலில் ஒரு தடயமும் இல்லாமல் போகலாம். உடலை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. முழு உடல் எக்ஸ்ரே, திசு ஆய்வு, நச்சு, தொற்று, வளர்சிதை மாற்றக் கோளாறு என்று எல்லாம் பார்த்து முடிக்கப் பல வாரங்கள் ஆகும். எக்ஸ்ரேயிலும் புதிதாக முறிந்த விலா எலும்பு கண்ணில் படாமல் போவதுண்டு. ஒன்றிரண்டு வாரத்தில் எலும்பு கூடத் தொடங்கியபின்தான் தெளிவாகத் தெரியும்.

அதனால்தான் பொம்மை. அமெரிக்காவில் இது விசாரணைப் பயிற்சியிலேயே உண்டு. இரண்டு முறை வைத்துக் காட்டச் சொல்வார்கள்: தூங்கப் போட்டது எப்படி, பிறகு பார்த்தபோது கிடந்தது எப்படி. “குப்புறக் கிடந்தான்” என்றால் கன்னம் மெத்தையில் பட்டு மூக்கு வெளியே இருந்ததா, மூக்கும் வாயும் மெத்தையில் புதைந்திருந்தனவா? வாயால் சொன்னால் இரண்டும் ஒன்றுதான். பொம்மையை வைத்துவிட்டால் படம் எடுக்கலாம், மூக்குக்கும் போர்வைக்கும் எத்தனை சென்டிமீட்டர் என்று அளக்கலாம். ஆனால் அதே படுக்கை, அதே போர்வை வேண்டும். காவல் நிலைய மேசைமேல் வைத்துக் கேட்டால் தாயை வதைத்ததுதான் மிச்சம். நம் வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் கட்டும் சாரோங் தொட்டில் என்றால், துணி எவ்வளவு தொய்ந்தது, தாடை நெஞ்சில் மடிந்ததா என்பதும் சேரும்.

காட்டியதை உடலோடு ஒப்பிடுவார்கள். இறந்தபின் ரத்தம் கீழ்ப்பக்கம் தேங்கிக் கருஞ்சிவப்பாகத் தெரியும். விரலால் அழுத்தி வெளுத்தால் இன்னும் நிலைக்கவில்லை. நிலைக்க 8 முதல் 12 மணி நேரம் ஆகும். அதற்குள் தூக்கி மல்லாத்தி முதலுதவி செய்திருந்தால் கறை இடம் மாறிவிடும். இதை மட்டும் வைத்துத் தாயைப் பொய் சொல்கிறாள் என்பது அபத்தம்.

சிங்கப்பூரில் இப்படிப்பட்ட மரணம் மரண விசாரணை அதிகாரிக்குப் போகும். இறந்தது யார், எப்போது, எங்கே, எப்படி என்பதோடு அவர் வேலை முடிந்தது. குற்றவாளி யார் என்று அவர் தீர்ப்பளிப்பதில்லை.

விரிப்பு விஷயம். சாவு விழுந்த வீட்டில் துணியை அலசிப் போடுவது நம்மவர்களுக்குப் புதிதா என்ன? நுரையோ வாந்தியோ பட்ட கறை, முகம் எங்கே இருந்தது என்று காட்டியிருக்கும். அதை முதல் ஆளாக எடுத்துப் பையில் போடாதது போலிசின் பிழை, பாட்டியுடையது அல்ல.