பயாஸுக்குப் போகும் முன் ஸ்க்ரூடிரைவரை எடுங்கள்

கேள்வி: கொருக்குப்பேட்டையில் கல்யாண வீடியோ எடிட்டிங் கடை வைத்திருக்கிறேன். மூன்று வருடம் முன்பு அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர். ஐ5-12400 ப்ராசஸர், அதோடு வந்த கூலர்தான். எடிட் செய்த வீடியோவை ரெண்டர் போட்டால் 100 டிகிரியைத் தொடுகிறது, வேலை நத்தையாக ஊர்கிறது. "பயாஸ் அப்டேட் பண்ணிடுங்கண்ணா, சூடு இறங்கிடும்" என்கிறான் தெரிந்த தம்பி. செய்யலாமா?

பதில்: செய்யலாம், ஆனால் அது கடைசி வேலை. ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டும், ப்ராசஸர் எத்தனை வாட் இழுக்கலாம் என்றெல்லாம் மதர்போர்டில் பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸ் சொல்லும். கூலரில் அடைத்திருக்கும் தூசியை அது தட்டிவிடாது.

உங்கள் ப்ராசஸருக்கு 100 டிகிரிதான் எல்லை. அதைத் தொட்டதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நீங்கள் சொல்லும் நத்தை வேகம் அதுதான். வேகம் குறையாமல் பட்டென்று அணைந்திருந்தால் கரன்ட் தரும் எஸ்எம்பிஎஸ் மீதும் சந்தேகப்பட்டிருப்பேன்.

முதலில் ஒரு சோதனை. சூட்டைக் காட்டும் ஹெச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு ரெண்டர் போடுங்கள். இரண்டு மூன்று விநாடிக்குள் 95க்குத் தாவினால் கூலர் ப்ராசஸர் மீது சரியாக உட்காரவில்லை, அல்லது இரண்டுக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்துவிட்டது. பத்துப் பதினைந்து நிமிடம் எடுத்து மெல்ல ஏறினால் காற்று போக்குவரத்தில் கோளாறு. பக்கத் தகடைக் கழற்றிவிட்டு மறுபடி போடுங்கள். ஏழெட்டு டிகிரி இறங்கினால் பெட்டிக்குள் காற்று புழங்கவில்லை என்று உறுதியாகிவிடும்.

வடசென்னைக் கடைகளில் நான் அதிகம் பார்ப்பது இந்த இரண்டாவது வகை. கன்டெய்னர் லாரி கிளப்பும் புழுதி ஒரு பக்கம், கடல் காற்றின் ஈரமும் உப்பும் இன்னொரு பக்கம். வெறும் தூசி என்றால் ஊதினால் பறக்கும். இங்கே அது பிசுபிசுத்துக் கூலரின் தகடுகளுக்கு நடுவே கம்பளிபோல் ஒட்டிக்கொள்கிறது. பெட்டியின் பின்பக்க ஸ்க்ரூக்கள் துருவேறியிருக்கிறதா பாருங்கள். ஏறியிருந்தால் உள்ளேயும் அந்தக் காற்றுதான் போய்வருகிறது. போதாததற்கு, சிபியூ என்று நாம் அழைக்கும் அந்தப் பெட்டியை மேசைக்கடியில் மரக்கூண்டுக்குள் தள்ளிவைத்து விடுகிறோம். தரையிலிருந்து ஒரு அடி உயர்த்தி, பின்பக்கம் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். கத்திரி வெயிலில் அறை 38 டிகிரி என்றால், ஏசி போட்ட 26 டிகிரி அறையைவிட ப்ராசஸரும் ஏறக்குறைய அந்த 12 டிகிரி கூடுதலாகத்தான் காட்டும்.

சுத்தம் செய்யும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு புளோயரால் ஊதுங்கள். பிடிக்காவிட்டால் தறிகெட்டுச் சுற்றிப் பேரிங் போய்விடும். மூன்று வருடம் ஆகிவிட்டதால் கூலரைக் கழற்றிப் பழைய பேஸ்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பட்டாணி அளவு புதிதாக வையுங்கள். திரும்ப மாட்டும்போதுதான் பலர் கோட்டைவிடுகிறார்கள். நான்கு பிளாஸ்டிக் பின்களையும் எதிரெதிர் மூலையாக, 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்த வேண்டும். ஒரு பின் தூக்கிக்கொண்டு நின்றாலும் செலவழித்த பேஸ்ட் வீண்.

அதற்குப் பிறகும் சூடு என்றால் பயாஸுக்குள் போங்கள், அப்டேட்டுக்காக அல்ல. பல மதர்போர்டுகள் பவர் லிமிட்டை, அதாவது எத்தனை வாட் இழுக்கலாம் என்ற வரம்பை, அவிழ்த்துவிட்டே வருகின்றன. இந்த ப்ராசஸருக்கு இன்டெல் சொல்வது நீடித்த வேலைக்கு 65 வாட், குறுகிய நேரத்துக்கு 117 வாட். அந்த இரண்டு எண்களையும் நீங்களே போட்டுவிடுங்கள். ரெண்டர் கொஞ்சம் தாமதமாகும், ஆனால் சூடு கண்கூடாக இறங்கும். எம்எஸ்ஐ போர்டாக இருந்தால் கூலர் வகை கேட்கும் இடத்தில் 'பாக்ஸ் கூலர்' என்று கொடுங்கள். பெருமைக்கு வாட்டர் கூலரைத் தேர்ந்தெடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தம்பி சொன்னதிலும் ஒரு பாதி உண்மை உண்டு. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் சில, அளவுக்கு மீறிய வோல்டேஜால் பழுதாயின. 2024இல் வந்த பயாஸ் அப்டேட்டுகள் அதைத் தடுக்கத்தான். அந்த ப்ராசஸர் வைத்திருப்பவர்கள் கட்டாயம் போட வேண்டும். உங்களுடையது 12ஆம் தலைமுறை, அந்தக் கணக்கில் வராது.

என்றாலும் போடத்தான் வேண்டும் என்றால், போர்டின் மீது அச்சிட்டிருக்கும் மாடலையும் ரிவிஷன் எண்ணையும் பார்த்து, தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே ஃபைலை இறக்குங்கள். ரிவிஷன் மாறினால் பயாஸும் மாறும். பென்டிரைவை ஃபேட்32 ஆக ஃபார்மட் செய்து, விண்டோஸ் வழியாக அல்லாமல் பயாஸுக்குள்ளிருந்தே ஏற்றுங்கள். அதற்கு முன், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் ஓடுகிறதா என்று பார்த்து, ஓடினால் தற்காலிகமாக நிறுத்துங்கள், மீட்புக் குறியீட்டையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் கரன்ட் போனால் போர்டு செத்துவிடலாம். யூபிஎஸ் கட்டாயம், அதுவும் பேட்டரி உயிரோடிருக்கிற யூபிஎஸ். பிளக்கைப் பிடுங்கி ஐந்து நிமிடம் தாக்குப்பிடிக்கிறதா என்று முந்தின நாளே பார்த்துவிடுங்கள்.

ஒன்றைத் தம்பி சொல்லியிருக்க மாட்டான்: அப்டேட் முடிந்ததும் பெரும்பாலும் எல்லா செட்டிங்கும் போர்டு வந்தபோது இருந்தபடி ஆகிவிடும். நீங்கள் போட்ட 65 வாட், ஃபேன் வேகம், ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி எல்லாவற்றையும் மறுபடி போட வேண்டும். 'அப்டேட்டுக்கு அப்புறம் சூடு இன்னும் ஏறிடுச்சு' என்று வருகிறவர்களிடம் நான் முதலில் திறந்து பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான்.